கேள்வி நேரம்: சேப்பாக்கத்துப் பல்கலைக்கழகம்

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, 'சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்து அரை நூற்றாண்டு வரைக்கும் வெறும் பரீட்சை ஆபீஸாகத்தான் இருந்தது' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். கோபமாகச் சில, ஆதரவாகச் சில, சம்பந்தமே இல்லாமல் சில என்று வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்தத் தடவை முழுப் பகுதியையும் இதற்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

கேள்வி: நான் அங்கே முதுகலை படித்து, அதே பட்டத்தை வைத்து முப்பது வருடம் வேலை பார்த்தவன். 'பரீட்சை ஆபீஸ்' என்ற உங்கள் சொல் என்னைப் புண்படுத்திவிட்டது. வாபஸ் வாங்குவீர்களா?
(ஓய்வுபெற்ற பேராசிரியர், திருச்சி)

ஐயா, மன்னிக்க வேண்டும், வாபஸ் வாங்க முடியாது. விளக்கம் வேண்டுமானால் சொல்கிறேன். 1839-இல், அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முன்னின்று, சென்னையில் உயர்கல்விக்கு ஒரு நிறுவனம் வேண்டும் என்று கவர்னர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவிடம் ஒரு மனு கொடுத்தார்கள். அதில் கையெழுத்து மட்டும் எழுபதாயிரம். அந்தக் காலத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதன் பிறகும் பல்கலைக்கழகம் வர 1857 செப்டம்பர் 5 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றுமே அதே வருடம், அதாவது வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த வருடம்தான், சட்டம் போட்டு உருவாக்கப்பட்டன.

மூன்றுக்கும் லண்டன் பல்கலைக்கழகம்தான் முன்மாதிரி. லண்டன் அப்போது பாடம் நடத்தவில்லை. கல்லூரிகள் நடத்தும், பல்கலைக்கழகம் கேள்வித்தாள் போடும், திருத்தும், பட்டம் கொடுக்கும். அதே ஏற்பாட்டைத்தான் இங்கேயும் கொண்டுவந்தார்கள். சொந்தமாகப் பேராசிரியர்களை வைத்து ஆராய்ச்சி செய்யலாம் என்ற எண்ணம் 1904-இல் வந்த இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்துக்குப் பிறகுதான் மெல்ல வந்தது. 1914-இல் இந்திய வரலாற்றுக்கும் தொல்லியலுக்கும் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் வந்தார், 1929-இல் அவர் இடத்துக்கு கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. நடுவில் 1923 சட்டம் வந்து பல்கலைக்கழகத்தின் அமைப்பையே மாற்றியது. நீங்கள் படித்த துறை அதற்குப் பிறகு வந்ததாகத்தான் இருக்கும். ஆக நான் சொன்னது உங்கள் தாத்தா காலத்துப் பல்கலைக்கழகத்தை. உங்கள் காலத்தைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

கேள்வி: என் மகள் 'மெட்ராஸ் யுனிவர்சிட்டியில்தான் பி.எஸ்சி. சேருவேன்' என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கடற்கரைக்கு எதிரே இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டிடத்தில் போய்க் கேட்டால் ஏதாவது கல்லூரிக்குப் போகச் சொல்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர் என்று தெரிந்து அலைக்கழிக்கிறார்களா?
(ஒரு தந்தை, செய்யாறு)

அதெல்லாம் இல்லை, அவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒரு குழப்பத்துக்காகவே வருடா வருடம் மே, ஜூன் மாதங்களில் நிறையப் பேர் வெயிலில் சேப்பாக்கத்துக்கும் கல்லூரிக்கும் நடக்கிறார்கள்.

ஒரே பெயரில் அங்கே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகள். சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி, மதுரவாயல் என்று பிரிந்து கிடக்கின்றன (சேத்துப்பட்டில் விளையாட்டு மைதானம் ஒன்றும் உண்டு). அங்கே பெரும்பாலும் முதுகலையும் ஆராய்ச்சியும்தான். இளநிலைப் படிப்புகள் சிலவற்றை இப்போது வளாகத்திலேயே நடத்துகிறார்கள் என்றாலும் இடங்கள் கொஞ்சம். இரண்டாவது, அதோடு இணைந்த கல்லூரிகள். மாநிலக் கல்லூரி, ராணி மேரி, லயோலா, கிறித்துவக் கல்லூரி, பச்சையப்பன், எத்திராஜ், ஸ்டெல்லா மாரிஸ் எல்லாம் இந்த வகை. உங்கள் மகள் பி.எஸ்சி. படிக்கப் போவது இவற்றில் ஒன்றில்தான். அரசுக் கல்லூரி என்றால் மாநிலம் முழுக்க ஒரே இணையதளத்தில் விண்ணப்பம், மற்றவற்றுக்கு அந்தந்தக் கல்லூரியிலேயே.

இதில் 'தன்னாட்சி' என்று ஒரு சொல் வரும், கவனித்துக்கொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டம், பரீட்சை, ரிசல்ட் எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். கடைசியில் பட்டச் சான்றிதழில் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும். தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் பாடத்திட்டமும் கேள்வித்தாளும் சேப்பாக்கத்திலிருந்து வரும். மூன்று வருடம் முடிந்ததும் இரண்டு பேரும் 'நான் மெட்ராஸ் யுனிவர்சிட்டி' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள், இருவர் சொல்வதும் உண்மைதான். அதனால் மகளிடம் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, எந்தக் கல்லூரி, எந்தத் துறை, அங்கே லேப் எப்படி, வாத்தியார் இடங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். சிவப்புக் கட்டிடத்துக்கு முதுகலைக்கு வரட்டும்.

கேள்வி: சார், எனக்கு நாலு அரியர். வீட்டில் தினமும் திட்டு. ராமானுஜன்கூட பெயில்தானே? அவருக்கு மட்டும் இன்ஸ்டிட்யூட்டே கட்டினார்கள், எனக்கு ஏன் சோறுகூட நிம்மதியாகப் போட மாட்டேன் என்கிறார்கள்?
(மூன்றாம் ஆண்டு மாணவர், சென்னை)

தம்பி, கேள்வி நன்றாக இருக்கிறது. வழக்கைக் கொஞ்சம் நேர்மையாக நடத்துவோம்.

ராமானுஜன் பெயில் ஆனது உண்மைதான். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார், பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, பி.ஏ.வுக்கு முன்னால் எழுத வேண்டிய எஃப்.ஏ. பரீட்சையிலும் தோற்றார். கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்காததுதான் காரணம். அந்தப் பரீட்சையை நடத்தியது யார்? இதே சென்னைப் பல்கலைக்கழகம். ஆக உன்னையும் அவரையும் பெயில் ஆக்கியது ஒரே கை. இதுவரைக்கும் வழக்கு உனக்குச் சாதகம்.

இனிமேல்தான் கொஞ்சம் உதைக்கிறது. 1912 மார்ச்சில் அவர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மறு வருடம் ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், அது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத கதை இங்கே உள்ளூரில் நடந்தது. வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் அந்த வருடம் பிப்ரவரியில் துறைமுகத்துக்கு வந்தபோது அவருக்கு ராமானுஜனின் நோட்டுகளைக் காட்டினார்கள். அவர் பார்த்துவிட்டுச் சும்மா போகவில்லை, பிப்ரவரி 26-ஆம் தேதி பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் போட்டார். இந்த இளைஞனுக்கு சோற்றுக் கவலை இல்லாமல் சில வருடம் கணக்குப் போட வழி செய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

கணிதப் பாடக்குழு கூடியது. மாதம் 75 ரூபாய், இரண்டு வருடம் என்று சிபாரிசு செய்தது. விஷயம் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டுக்குப் போனதும் விதி குறுக்கே வந்து நின்றது: ஆராய்ச்சி உதவித்தொகை வாங்க முதுகலைப் பட்டம் வேண்டும். இங்கேயோ ஆள் எஃப்.ஏ.யே தாண்டவில்லை. இன்றைக்கு ஒரு ஆபீஸில் இப்படி ஒரு ஃபைல் வந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், 'விதிகளின்படி பரிசீலிக்க இயலாது' என்று பச்சை மையில் ஒரு வரி எழுதிக் கட்டிவிடுவார்கள். அன்றைக்கு ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் வேலைதானே, சட்டமே அப்படித்தானே சொல்கிறது என்று வாதாடினார்கள். 1913 மே மாதம் ராமானுஜன் ஆராய்ச்சி மாணவர் ஆனார். பரீட்சை ஆபீஸ் பல்கலைக்கழகமாக மாறிய நாள் எது என்று என்னைக் கேட்டால், நான் எந்தச் சட்டத்தின் தேதியையும் சொல்ல மாட்டேன், அந்த சிண்டிகேட் கூட்டத்தைத்தான் சொல்வேன்.

ஒரே ஒரு நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்த வேலையைப் பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுத்தார். 1913 ஆகஸ்டில் ஒன்று, நவம்பரில் ஒன்று, மறு வருடம் மார்ச்சில் ஒன்று. மூன்றாவதைக் கொடுத்த அடுத்த வாரமே கப்பல் ஏறிவிட்டார். இங்கிலாந்துச் செலவுக்கும் பல்கலைக்கழகம்தான் வருடத்துக்கு 250 பவுன் கொடுத்தது. அவருடைய அசல் நோட்டுப் புத்தகங்கள் இன்றும் பல்கலைக்கழக நூலகத்தின் சொத்து.

ஆக தம்பி, பெயில் ஆனதற்காக அவருக்கு யாரும் இன்ஸ்டிட்யூட் கட்டவில்லை. பெயில் ஆன நேரத்தில் நோட்டில் என்ன எழுதிக்கொண்டிருந்தார் என்பதுதான் விஷயம். உன் நோட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். அந்த நாலில் எது சுலபமோ அதை முதலில் கட்டி எழுதிவிடு, வீட்டில் சோற்றோடு குழம்பும் வரும்.

(அந்த இன்ஸ்டிட்யூட்டைப் பற்றி ஒரு வார்த்தை: அதை 1950-இல் ஆரம்பித்தது அரசாங்கம் இல்லை, அழகப்பச் செட்டியார் தன் பணத்தில் ஆரம்பித்தார். அவர் மறைந்த பிறகு அது திண்டாடியபோது 1957-இல் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. இப்போது சேப்பாக்கத்தில் இருக்கும் ராமானுஜன் கணித உயராய்வு நிறுவனம் அதன் தொடர்ச்சிதான்.)

கேள்வி: பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் எங்கள் யாழ்ப்பாணத்தவர்கள் என்று என் அப்பு சொல்லுவார். உண்மையா, ஊர்ப் பெருமையா?
(ஒரு வாசகி, டொராண்டோ)

உண்மைதான் அம்மா, அப்பு சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 1858-இல் முதன்முதலாக பி.ஏ. பட்டம் பெற்ற இருவர் கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை அப்புறம் ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தேடி அச்சில் ஏற்றியவர். கலித்தொகையை 1887-இல் நாம் புத்தகமாகக் கையில் பிடித்தது அவரால்தான். சட்டமும் படித்துப் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஆங்கிலத்தில் பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கிய முதல் ஆள் ஆயுள் முழுக்கச் செல்லரித்த பனையோலையோடு மல்லுக்கட்டினார் என்பதுதான்.

கேள்வி: ஊர் பெயர் சென்னை ஆகிவிட்டது. பல்கலைக்கழகம் மட்டும் ஏன் இன்னும் மெட்ராஸ்?
(வாசகர், தாம்பரம்)

1996-இல் ஊரின் பெயர்தான் மாறியது. உயர் நீதிமன்றம், ஐ.ஐ.டி., பல்கலைக்கழகம் மூன்றும் ஆங்கிலத்தில் பழைய பெயரிலேயே இருக்கின்றன. தமிழில் அதற்கு முன்பும் சென்னைப் பல்கலைக்கழகம்தான். பேச்சில் எப்போதும் மெட்ராஸ் யுனிவர்சிட்டிதான். யாருக்கும் தொந்தரவு இல்லை, விட்டுவிடுவோம்.

கேள்வி: அங்கே படித்தவர்களில் நோபல் வாங்கியவர்கள் உண்டு. அங்கேயே உட்கார்ந்து ஆராய்ச்சி செய்து உலக அளவில் ஏதாவது சாதித்திருக்கிறார்களா, அல்லது எல்லாம் விமானம் ஏறிய பிறகுதானா?
(எம்.எஸ்சி. மாணவி, வேலூர்)

சி.வி. ராமனும் (1930) எஸ். சந்திரசேகரும் (1983) மாநிலக் கல்லூரியில் படித்து இந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் வாங்கியவர்கள். 2007-இல் கணிதத்துக்கான ஆபெல் பரிசு வாங்கிய வரதனும் அப்படியே. ராமனின் வேலை கல்கத்தாவில் நடந்தது, மற்ற இருவர் கடல் கடந்து போனார்கள். அதனால் உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் ஜி.என். ராமச்சந்திரன் என்று ஒருவர் இருந்தார். அவர் பெயரை உயிர்வேதியியல் படிக்கிற எந்த நாட்டு மாணவரிடம் சொன்னாலும் தெரியும், கிண்டியில் பஸ்ஸுக்கு நிற்பவரிடம் கேட்டால் தெரியாது.

அப்போது துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார். 1942 முதல் 1969 வரை, 27 வருடம், அந்த நாற்காலியில் இருந்த மனிதர். இயற்பியல் துறையை ஆரம்பிக்க வேண்டும் என்று முதலில் ராமனைக் கேட்டார். ராமன், நான் வர முடியாது, என் மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். 1952-இல் ராமச்சந்திரன் வந்து சேர்ந்தபோது வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும், துறையும் புதிது, கருவிகளும் சொற்பம். அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த ஜே.டி. பெர்னால் என்ற விஞ்ஞானி, கொலாஜன் என்கிற புரதத்தின் அமைப்பை இன்னும் யாரும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். தோல், தசைநார், எலும்பு எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், தோலைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. கங்காருவின் வால் தசைநாரை எடுத்து எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். ஒரு சடையை உற்றுப் பாருங்கள், மூன்று கால் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு போகும், எதை இழுத்தாலும் மற்ற இரண்டும் பிடித்துக்கொள்ளும். கொலாஜனும் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட கயிறு என்று அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அடுத்த வருடம் அதையே இன்னும் திருத்தி எழுதினார்கள். இங்கிலாந்தில் கிரிக் முதலானவர்கள் சில விவரங்களில் சண்டை பிடித்தார்கள், ஆனால் மூன்று இழை என்பது நின்றுவிட்டது.

அந்தச் சண்டையிலிருந்துதான் அடுத்தது முளைத்தது. ஒரு புரதச் சங்கிலியில் அணுக்கள் ஒன்றின் மேல் ஒன்று இடிக்காமல் எத்தனை விதமாகத் திரும்ப முடியும் என்று, சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் உட்கார்ந்து கணக்குப் போட்டு 1963-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. இன்றைக்கும் எந்த நாட்டில் ஒரு புதுப் புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரியாக இருக்கிறதா என்று அந்தப் படத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். அதாவது எம்.எஸ்சி. படிக்கிற நீங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டிப் பார்க்கும் அந்தக் கட்டம் கிண்டியில் பிறந்தது. நோபல் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருக்கிறேன், எம்.ஃபில். முடித்துவிட்டேன். இப்போது எம்.ஃபிலே இல்லை என்கிறார்கள், என் பட்டம் செல்லாதா? வேலையை விடாமல் பிஎச்.டி. செய்ய முடியுமா?
(ஆசிரியை, திருவள்ளூர்)

செல்லும் டீச்சர், பயப்பட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-இல் கொண்டுவந்த விதிகளின்படி புதிதாக எம்.ஃபில். நடத்தக் கூடாது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் பாதிப்பு இல்லை.

பகுதிநேர பிஎச்.டி.க்கு அனுமதி உண்டு, உங்கள் துறையிலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். முதுகலையில் 55 சதவீதம் தேவை, பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர் போன்றவர்களுக்கு 5 சதவீதம் சலுகை. குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடம் கொடுக்கலாம். ஆரம்பத்தில் கோர்ஸ் ஒர்க் என்று வகுப்புகளும் பரீட்சையும் உண்டு. பள்ளியில் லீவு எப்படிக் கிடைக்கும் என்று அதற்கு முதலிலேயே திட்டம் போட்டுக்கொள்ளுங்கள், நிறையப் பேர் இடறுவது அங்கேதான். தேசியத் தகுதித் தேர்வான நெட் மதிப்பெண்ணையே இப்போது பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறது, வருடத்துக்கு இரண்டு தடவை எழுதலாம்.

இவ்வளவையும் அறிவிப்பைப் படித்தே தெரிந்துகொள்வீர்கள். அறிவிப்பில் இல்லாதது கைடு விஷயம். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்குத்தான் வழிகாட்டலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நாலு. ஓய்வுபெற மூன்று வருடத்துக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக ஆள் எடுக்கக் கூடாது. அதனால் தலைப்பை முடிவு செய்துவிட்டு கைடு தேடாதீர்கள். யாரிடம் இடம் காலியாக இருக்கிறது, அவர் என்ன வேலை செய்கிறார், அவரிடம் முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று முதலில் கேளுங்கள். முடித்தவர்களிடம் நேரிலேயே கேளுங்கள், அதுவும் அவர் இல்லாத இடத்தில்.

கேள்வி: மகனுக்கு வெளிநாட்டில் சீட் கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும். புரொவிஷனல், கன்சாலிடேட்டட், கான்வொகேஷன் என்று ஏதேதோ கேட்கிறார்கள். தலை சுற்றுகிறது.
(ஒரு தாய், அரக்கோணம்)

அம்மா, இனிஷியல் விஷயத்தில் நானும் அடிபட்டவன். ஒரு பல்கலைக்கழகத்தில் (எது என்று கேட்காதீர்கள்) என் சான்றிதழில் இனிஷியலுக்குப் பிறகு வர வேண்டிய புள்ளி வரவில்லை. ஒரு புள்ளிதானே என்று நினைத்தேன். கம்பி வைத்த ஜன்னல், அதன் கீழே கையை நுழைக்க ஒரு அரைவட்ட ஓட்டை, உள்ளே இருப்பவரின் முகம் தெரியாது, கைக்கடிகாரம் மட்டும் தெரியும். அந்தக் கடிகாரத்தை நான் நாலு நாள் பார்த்தேன். கடைசியில் புள்ளி வைத்துக் கொடுத்தார்கள், இந்தத் தடவை ஊர்ப் பெயரில் ஒரு எழுத்தைக் காணவில்லை. வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

உங்களுக்கு அவ்வளவு சிரமம் வராது. இனிஷியலை விரித்தால் அப்பா பெயர் என்பது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இருக்கிற சமாச்சாரம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல இதைப் பார்த்துப் பழகியவை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பாஸ்போர்ட் இரண்டும் ஒரே ஆளுடையவை என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் கொடுக்கலாம். புரொவிஷனல் என்பது பட்டமளிப்பு விழா வரைக்கும் தாங்கும் தற்காலிகச் சான்று. கன்சாலிடேட்டட் என்றால் எல்லா செமஸ்டர் மார்க்கும் ஒரே தாளில். கான்வொகேஷன் சான்றிதழ்தான் அசல் பட்டம். டிரான்ஸ்கிரிப்ட் தனி, அதை மூடி முத்திரையிட்ட கவரில் கேட்பார்கள், நீங்கள் ஆசைக்குத் திறந்து பார்த்துவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரை மாதமாவது கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். அசலை லாமினேஷன் மட்டும் செய்யாதீர்கள், பின்னால் முத்திரை வைக்க வேண்டி வந்தால் தாளில்தான் வைக்க முடியும்.

கேள்வி: பல்கலைக்கழகம் தமிழுக்கு என்ன செய்தது? ஒரே வரியில் பதில் வேண்டும்.
(வாசகர், ஈரோடு)

லெக்சிகன், அதாவது தமிழ்ப் பேரகராதி. ஒரே வரியில் கேட்டீர்கள், ஆனாலும் இரண்டு வரி அதிகம் எடுத்துக்கொள்கிறேன். 1913-இல் சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பாதிரியாரைத் தலைவராக வைத்து ஆரம்பித்த வேலை, 1926-இல் வழக்கறிஞராக இருந்த எஸ். வையாபுரிப் பிள்ளை கைக்கு வந்து, 1936-இல் ஆறு தொகுதிகளாக முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு அனுபந்தமும் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் துண்டுச் சீட்டு. இன்று போனில் ஒரு பழைய சொல்லுக்குப் பொருள் தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் அந்தச் சீட்டுகளில் ஒன்றுதான்.

கேள்வி: நூலகம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் நூலகர்.
(ஒரு வாசகர், மயிலாடுதுறை)

உங்கள் பக்கத்து ஊர்க்காரர் விஷயம், சொல்லாமல் விடுவேனா. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-இல் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். வந்த சில நாளில் வேலை சலித்துப்போய், என்னை வகுப்புக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்றார்கள். அங்கே ஒரு பெரிய கடையில் குழந்தைகள் பூட்டிக் கழற்றும் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து எதையும் கட்டலாம் என்றால் புத்தகத்தின் பொருளையும் அப்படித் துண்டு துண்டாகப் பிரித்து எண் கொடுக்கலாமே என்று தோன்றியது. அதுதான் 1933-இல் கோலன் பகுப்புமுறை ஆனது. சேப்பாக்கத்தில் நூலகத்துக்குச் சொந்தக் கட்டிடம் 1936-இல் வந்தது. புத்தகத்தைப் பூட்டி வைப்பதே நூலகரின் கடமை என்று இருந்த காலத்தில், புத்தகம் பயன்படுத்துவதற்கே என்று முதல் விதியாக எழுதி வைத்த மனிதர் அவர். இன்னமும் சில நூலகங்களுக்கு அந்த முதல் விதியே போய்ச் சேரவில்லை, உங்கள் நூலகத்தைச் சொல்லவில்லை.

கேள்வி: இவ்வளவு பெருமை பேசுகிறீர்கள், இன்றைய நிலைமை தெரியுமா?
(முன்னாள் மாணவர், பெங்களூரு)

தெரியும். ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுக்க இதன் கீழ்தான் பரீட்சை எழுதியது. அப்புறம் மைசூர் (1916), ஆந்திரா (1926), அண்ணாமலை (1929), திருவிதாங்கூர் (1937), மதுரை (1966), பொறியியலுக்கு அண்ணா (1978), கோவையில் பாரதியார், திருச்சியில் பாரதிதாசன் (1982), பிறகு மருத்துவம், சட்டம், வேலூரில் திருவள்ளுவர் (2002) என்று ஒவ்வொரு மகளும் சீர் வாங்கிக்கொண்டு புகுந்த வீடு போனாள். இப்போது கையில் இருப்பது சென்னையும் அதைச் சுற்றிய மாவட்டங்களும்தான். மகள்கள் போனது நல்லதுதான், விழுப்புரத்துப் பிள்ளை மார்க் ஷீட் திருத்த சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

ஆனால் கல்லூரிகள் போனால் பரீட்சைக் கட்டணமும் போகும். 1981 முதல் தொலைதூரக் கல்வி அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. மாநிலத்துக்கு வெளியே மையம் வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. சொன்னதும் அதுவும் மெலிந்தது. ஓய்வூதியச் செலவு மட்டும் மெலியவில்லை. 2024 பிப்ரவரியில் 424 கோடி ரூபாய் வரி கேட்டு வருமான வரித் துறை வங்கிக் கணக்குகளையே முடக்கியது. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது, கவர்னருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் நெடுநாள் ஒரு குழுதான் நிர்வாகத்தைப் பார்த்தது. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும் என்பது ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, வாக்கரின் கடிதம் மாதிரி ஒரு கடிதம் இன்றைக்கு வந்தால் எந்த ஜன்னலில் கொடுப்பது என்பதுதான். குழுவுக்கு அப்படியொரு கூட்டம் போட நேரம் இருக்குமா, கையெழுத்துப் போடத் துணிச்சல் இருக்குமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தின் பழைய மண்டபமான செனட் ஹவுஸை உள்ளே போய்ப் பார்க்கலாமா? குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பீச்சுக்கு வருகிறோம்.
(குடும்பத்தலைவி, காஞ்சிபுரம்)

எப்போதும் திறந்திருக்காது, ஏதாவது விழா நடந்தால்தான் மண்டபத்தைத் திறப்பார்கள். கேட்டில் விசாரித்துப் பாருங்கள். ராபர்ட் சிஷோம் வரைந்து 1874-இல் ஆரம்பித்து 1879-இல் முடித்த கட்டிடம், 1937-இல் கொஞ்ச நாள் சென்னை மாகாணச் சட்டசபையே அங்கேதான் கூடியது. உள்ளே போகக் கிடைத்தால் காலையில் போங்கள். கடல் பக்கமிருந்து வரும் வெயில் வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கும்போது பிள்ளைகள் சட்டையில் சிவப்பும் நீலமும் விழும். கிடைக்காவிட்டால் வெளியிலிருந்தே நாலு மூலைக் கோபுரங்களையும் எண்ணச் சொல்லுங்கள். பறக்கும் ரயிலில் வந்தால் சேப்பாக்கத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம், மேட்ச் நடக்கிற நாளாக மட்டும் இருக்கக் கூடாது.